செம்மண்ணில் மணியும் எண்ணெயும்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் வடமதுரையை நெருங்க நெருங்க, இருமருங்கும் நிலம் செந்நிறம் கொள்கிறது. கிணற்று நீர் எட்டும் தோட்டங்களில் மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முருங்கை. எட்டாத மேட்டுக் காடுகளில் சோளம், நிலக்கடலை, எள். மழையின் பெரும்பங்கை வடகிழக்குப் பருவமே கொண்டுவருகிறது. ஆடியில் விழும் மழையை நம்பி ஏர் பூட்டுவோரும் உண்டு. ஒரே காட்டில் ஒரு பருவம் தவசமும் மறு பருவம் எண்ணெய் வித்தும் மாறி வருவதும் உண்டு. பயிர் மாறினாலும் அடியுரம் பலருக்கு மாறுவதில்லை: ஏக்கருக்கு ஒரு மூட்டை டை அம்மோனியம் பாஸ்பேட்டு, அதாவது டி.ஏ.பி. அந்த ஒரு மூட்டை சோளத்தை ஏமாற்றாமல் கடலையை மட்டும் ஏமாற்றுவது ஏன் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

செம்மண்ணின் செம்மை அதிலுள்ள இரும்பு ஆக்சைடுகளால் வருவது. நிலத்திற்கு நிறம் தரும் அதே இரும்புதான் மணிச்சத்தாகிய பாஸ்பரசையும் சிறைப்பிடிக்கிறது. உரமாக இட்ட பாஸ்பேட்டு ஈரத்தில் கரைந்தவுடன் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. நாளாக நாளாக அங்கேயே இறுகிப்போகிறது. இட்ட மணிச்சத்தில் முதற்பயிருக்குக் கிட்டுவது பொதுவாக 15 முதல் 25 விழுக்காடுதான். எஞ்சியது அழிந்துபோவதில்லை, மண்ணிலேயே தங்கி, அடுத்தடுத்த பயிர்களுக்குச் சிறுகச் சிறுக விடுபடும். சுக்கான் கல் தென்படும் காடுகளில் இரும்பின் வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மண்ணில், அதாவது கார அமில நிலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையே இருக்கும் மண்ணில், மணிச்சத்து ஓரளவு எளிதாகப் பயிருக்குக் கிடைக்கிறது.

தழைச்சத்து நீரோடு ஓடி வேரை வந்தடையும். மணிச்சத்து அப்படி ஓடாது. ஒரு பருவம் முழுவதும் அது இட்ட இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் தொலைவே நகரும். வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். ஆகவே நிலத்தின் மேல் உரத்தை வீசித் தூவுவது செம்மண்ணில் ஏறக்குறைய இரும்புக்கு இரை போடுவதாகும். உழவுச்சாலில், விதைக்குச் சற்றுத் தள்ளி, விதையின் ஆழத்திற்கும் சிறிது கீழே விழுமாறு இட்டால், மண்ணோடு உரம் உரசும் பரப்புக் குறையும். முளைவேரும் முதல் வாரத்திலேயே அதைத் தொட்டுவிடும்.

மானாவாரிக் காடுகளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் ஊட்டமேற்றிய தொழுவுரம் இந்த அறிவின்மேல் எழுந்ததே. எக்டருக்கு 750 கிலோ நன்கு மட்கிய தொழுவுரத்தில், அப்பயிருக்கு உரிய சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஈரப்படுத்திக் குவித்து, ஒரு மாதம் மூடி வைத்து, பிறகு அடியுரமாக இடுவர். மட்கு தரும் கரிம அமிலங்கள் இரும்பின் பிடிகளை முன்கூட்டியே நிரப்பிவிடுகின்றன, பாஸ்பேட்டு தப்பிக்கிறது. செலவு குறைந்த, ஆனால் கை உழைப்புக் கேட்கும் முறை. கால்நடை குறைந்த ஊர்களில் இது ஏட்டிலேயே நின்றுவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

மணிச்சத்துக் குறைவை மக்காச்சோளம் வெளிப்படையாகக் காட்டும். முளைத்து இரண்டு மூன்று வாரத்துப் பயிரில் அடியிலைகளின் ஓரமும் தண்டும் கத்தரிப்பூ நிறம் கொள்ளும். இலையில் உண்டான சர்க்கரையை வளர்ச்சிக்குச் செலவிட ஆற்றல் இல்லாமையால் அது தேங்கி, நிறமியாக மாறுவதன் அடையாளம் அது. உயிரணுக்களில் ஆற்றலைச் சுமந்து செல்லும் ஏ.டி.பி. என்னும் சேர்மத்தில் மூன்று பாஸ்பேட்டுகள் உள்ளன. மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யின் முதுகெலும்பிலும் பாஸ்பேட்டு உண்டு. இவை போதாத பயிரின் வேர் குட்டையாகும், பூப்புத் தள்ளிப்போகும், கதிர் நுனியில் மணி பிடிக்காது.

மணியில் சேரும் பாஸ்பரசின் பெரும்பகுதி, மூன்றில் இரண்டு பங்கு அல்லது அதற்கு மேலும், பைட்டேட்டு என்னும் சேமிப்பு வடிவில் உறங்குகிறது. முளைக்கும் நாற்றுக்கு அது கட்டுச்சோறு. கோழிக்கோ அது செரிக்காத கல். இந்தப் பகுதியின் மக்காச்சோளத்தில் பெரும்பங்கு கோழித் தீவனத்திற்கே போகிறது. தீவன ஆலைகள் பைட்டேசு என்னும் நொதியைச் சேர்த்து அந்தப் பூட்டைத் திறக்கின்றன. காட்டில் மணிச்சத்தை அளவின்றிக் கொட்டினால் மணியில் பைட்டேட்டு கூடும், பயிருக்குக் கிட்டும் துத்தநாகம் குறையும். மிகுதி இங்கே நன்மையன்று.

கோவை வேளாண் கல்லூரி நிலத்தில் 1909-இல் தொடங்கிய நிலையான எருவிடு சோதனை, நூறாண்டைக் கடந்த ஒரு பெருஞ்சான்று. ஒரே பாத்திக்கு ஆண்டுதோறும் ஒரே எருவை இட்டு, மண்ணும் விளைச்சலும் எவ்வாறு மாறுகின்றன என்று பார்க்கும் முயற்சி அது. இங்கிலாந்தின் ராத்தாம்சுட்டெடு நிலையத்து வழிமுறையைப் பின்பற்றியது. தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்திகளை, மணிச்சத்தும் உடன்பெற்ற பாத்திகள் விஞ்சின. அறுபதுகளில் பசுமைப் புரட்சி வந்தபோது மணிச்சத்தின் தேவையில் யாருக்கும் ஐயமில்லை. ஐயம் எழுந்திருக்க வேண்டியது வேறொன்றில்.

அது எது என அறிய உரத்தின் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும். 1842-இல் சான் பென்னட்டு லாசு என்னும் ஆங்கிலேயர் எலும்பு, பாறைப் பாஸ்பேட்டு ஆகியவற்றைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சூப்பர் பாஸ்பேட்டு செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். பாறையில் உள்ள மணிச்சத்து நீரில் கரையாது. அமிலம் அதைக் கரையும் வடிவாக்குகிறது. அமிலத்தின் கந்தகம் சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகி, அதே உரத்தில் தங்கிவிடுகிறது. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட்டு ஆலை 1906-இல் எழுந்ததும் நம் இராணிப்பேட்டையில்தான். அந்த உரத்தில் மணிச்சத்து 16 விழுக்காடு; கந்தகம் 11 விழுக்காடு. விற்றவரும் வாங்கியவரும் மணிச்சத்துக்கே விலை பேசினர். கந்தகம் அழையா விருந்தாளியாக மூட்டைக்குள் அமர்ந்து ஊர் ஊராகச் சென்றது. தழைச்சத்துக்கு இட்ட அம்மோனியம் சல்பேட்டிலும் ஏறத்தாழ 23 விழுக்காடு கந்தகம் இருந்தது.

பின்னர் யூரியா வந்தது, டி.ஏ.பி. வந்தது. இரண்டிலும் சத்தின் செறிவு மிகுதி, வண்டிக்கூலி குறைவு. இரண்டிலும் கந்தகம் இல்லை. டி.ஏ.பி. செய்யும் ஆலையிலும் பாறையோடு கந்தக அமிலமே சேர்க்கப்படுகிறது. ஆனால் அங்கே உண்டாகும் பாஸ்பாரிக் அமிலத்தை வடித்தெடுத்து அம்மோனியாவோடு சேர்த்துவிடுகிறார்கள். ஜிப்சம் தனியே பிரிந்து ஆலைக்கு வெளியே குவிகிறது. ஒரு டன் மணிச்சத்துக்கு நான்கைந்து டன் ஜிப்சம் என்பது கணக்கு. உழவனின் காட்டுக்குச் சேர வேண்டிய கந்தகம் எங்கே போயிற்று என்று கேட்போருக்குத் தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் அந்த வெண்குவியல்களே விடை.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் எழுபதுகளின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் நீண்டகால உரச் சோதனைகளை நிறுவியது. அவற்றுள் கந்தகம் இடாத பாத்தி ஒன்றும் வேண்டியிருந்தது. அதற்கு அறிவியலாளர் செய்தது மிக எளிய வேலை: மற்றப் பாத்திகளுக்குச் சூப்பர் இட்டனர், அந்தப் பாத்திக்கு மட்டும் டி.ஏ.பி. இட்டனர். ஆராய்ச்சி நிலையத்தில் எண்ணிச் செய்த இந்தப் பட்டினிச் சோதனையை நாட்டின் பெரும்பகுதி எண்ணாமலே தன் காட்டில் செய்துகொண்டது.

கந்தகம் பயிருக்குள் என்ன செய்கிறது? சிசுட்டீன், மெத்தியோனின் என்னும் இரு அமினோ அமிலங்களில் அது உறுப்பு. இவை இன்றிப் புரதம் கட்டப்படாது. தழைச்சத்து 15 பங்கிருந்தால் கந்தகம் ஒரு பங்காவது வேண்டும் என்பது பொதுவான அளவு. கந்தகம் குறைந்தால், இட்ட தழைச்சத்தும் புரதமாகாமல் இலையில் முடங்கும். யூரியாவை அள்ளி இட்டும் பயிர் பச்சை பிடிக்கவில்லை என்போர், இன்னொரு கை யூரியாவை இடுமுன் இதைச் சிந்திக்க வேண்டும். அடையாளம் காண்பதும் கடினமன்று. தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த அடியிலை முதலில் மஞ்சளாகும். கந்தகம் குறைந்தால் கொழுந்திலை முதலில் வெளிறும். கந்தகம் முதிர்ந்த இலையிலிருந்து புதிய இலைக்கு எளிதில் இடம்பெயராது என்பதே காரணம்.

எண்ணெய் வித்துகளுக்கு இந்தத் தேவை பன்மடங்கு. எண்ணெய் என்பது கொழுப்பு அமிலங்களின் தொகுப்பு. அவ்வமிலங்களைக் கோக்கத் தொடங்கும் துணைநொதி ஏ என்னும் சேர்மத்தின் செயல்முனையே கந்தக அணுதான். பயோட்டின், லிப்போயிக் அமிலம் ஆகிய துணைப்பொருள்களிலும் அது உண்டு. ஒரு டன் தவசம் விளைய மூன்று நான்கு கிலோ கந்தகம் போதும். ஒரு டன் பயறுக்கு எட்டு கிலோ. ஒரு டன் எண்ணெய் வித்துக்குப் பன்னிரண்டு கிலோ. மண்ணிலுள்ள மட்கு சிதைந்து தரும் சிறிதளவு கந்தகத்தைக் கொண்டே சோளம் ஒப்பேற்றிவிடும். கடலைக்கும் எள்ளுக்கும் அது எட்டாது. தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குப் பாதி விடை இது. இதே வட்டாரத்துத் தோட்டங்களில் விளையும் சின்ன வெங்காயத்தின் காரமும் அதை அரிவோர் கண்ணில் வரும் நீரும் கந்தகச் சேர்மங்களின் வேலையே. வெங்காயமும் இந்தப் பசியில் எண்ணெய் வித்துக்குச் சளைத்ததன்று.

ஐரோப்பாவிலும் இக்கதை வேறு வழியாக நடந்தது. ஆலைப் புகையிலிருந்து மழையோடு இறங்கிய கந்தகத்தை அங்குள்ள வயல்கள் விலையின்றிப் பெற்றுவந்தன. எண்பதுகளுக்குப் பின் புகையைத் தூய்மைப்படுத்தியபோது காற்று தெளிந்தது. ஆனால் வடசெருமனியிலும் இசுக்காத்துலாந்திலும் கடுகின் இனமான ரேப்பு வயல்கள் நோயுற்றன. பொன்மஞ்சளாய்ப் பூக்க வேண்டிய பயிர் வெளிறிய வெண்பூப் பூத்தது. அதன்பின் கந்தகத்தை உரமாக விலை கொடுத்து வாங்கி இடுகிறார்கள்.

மணிச்சத்தும் கந்தகமும் மண்ணில் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. செம்மண்ணின் இரும்பு சல்பேட்டையும் பற்றும்; ஆனால் அந்தப் பிடி தளர்ந்த பிடி. பாஸ்பேட்டு வந்தால் சல்பேட்டு இடம் விட்டு விலகுகிறது. விலகியது ஐப்பசி, கார்த்திகை மழையோடு மேல்மண்ணிலிருந்து கீழிறங்கி, களி மிகுந்த அடிமண்ணில் தங்கும்; ஆழ வேரோடும் பயிருக்கு அது பின்னொரு நாள் உதவக்கூடும், மேலாக வேர்விட்ட இளங்கடலைக்கு உதவாது. ஆக, கந்தகம் இல்லாத மணிச்சத்தைத் தொடர்ந்து கூடுதலாக இடுவது, இருக்கும் கந்தகத்தையும் வெளியேற்றும் செயல். இரண்டையும் அளவோடு சேர்த்து இடும்போது ஒன்றின் பயனை மற்றொன்று உயர்த்துகிறது.

மறுபாதி விடைக்கு இனி நிலக்கடலையிடம் வருவோம். முளைத்து நான்கு வாரமளவில் இலைக்கக்கத்தில் மஞ்சள் பூ மலர்கிறது. தன்மகரந்தம் ஏற்று ஒரே நாளில் வாடுகிறது. ஒரு வாரத்திற்குள் பூவின் அடியிலிருந்து ஊசிபோன்ற விழுது நீண்டு, நிலத்தை நோக்கி வளைந்து, மண்ணுக்குள் இறங்குகிறது. கருவுற்ற சூல் அதன் நுனியில் உள்ளது. ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்தை அடைந்தபின் நுனி படுக்கையாகத் திரும்பிக் காயாகப் பருக்கத் தொடங்குகிறது. இருளும் மண்ணின் தொடுகையும் இல்லாமல் காய் பருக்காது. மண்ணை எட்டாமல் மேலேயே நின்றுவிட்ட விழுது வெறும் நாராக உலர்ந்துபோகும்.

இங்கேதான் ஒரு சிக்கல். வளரும் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து மிகுதியாக வேண்டும். பயிரின் உடலில் அச்சத்து, வேர் உறிஞ்சிய நீரோடு மேலேறும் ஓட்டத்தில்தான் பயணம் செய்யும். நீர் எங்கே ஆவியாகிறதோ அங்கே, அதாவது இலைக்கு, அது போய்ச் சேரும். இலையிலிருந்து சர்க்கரையைக் கீழே கொண்டுவரும் பாதையில் அது ஏறக்குறைய வருவதே இல்லை. மண்ணுக்குள் கிடக்கும் காயோ நீரை ஆவியாக்குவதில்லை. ஆகவே தாய்ச்செடியின் வேர் எவ்வளவு உறிஞ்சினாலும் காய்க்குப் பங்கு கிட்டாது. காய் தன் ஓட்டின் வழியே, தன்னைச் சூழ்ந்த மண்ணிலிருந்து, தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு விரற்கடை மேல்மண்ணில் சுண்ணாம்புச்சத்து இல்லையேல் காய் பொக்காகும். பருப்புப் பிடித்தாலும் அதன் முளைக்குருத்துக் கருத்திருக்கும். அந்த விதை அடுத்த பட்டத்தில் சரியாக முளைக்காது.

ஜிப்சம் இந்த இடத்திற்கென்றே அமைந்த பொருள்போல் இருக்கிறது. தூய ஜிப்சத்தில் சுண்ணாம்புச்சத்து 23 விழுக்காடு, கந்தகம் 18 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கடைகளில் கிடைப்பதில் இது சிறிது குறையும். சுண்ணாம்புக் கல்லைப்போல் கரைய மறுப்பதும் இல்லை, உப்பைப்போல் முதல் மழையிலேயே கரைந்தோடுவதும் இல்லை. ஒரு லிட்டர் நீரில் இரண்டரை கிராம் அளவுக்குக் கரைந்து, காய் பருக்கும் வாரங்களில் நின்று உதவுகிறது. எக்டருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. பாசனக் கடலைக்கு விதைத்த 40 முதல் 45 நாளில் செடியின் அடியில் இட்டு, கொத்தி மண் அணைக்க வேண்டும். மானாவாரியில் ஈரம் பார்த்து 40 நாள் முதல் 75 நாளுக்குள் இடலாம். மண் அணைத்தபின் செடியைக் கிளறக் கூடாது. இறங்கிய விழுது அறுந்துவிடும். சுக்கான் மிகுந்த காட்டுக்கு இந்த ஜிப்சம் வேண்டாம்.

கடலையின் வேர்முடிச்சுகளையும் மறக்கலாகாது. காற்றின் தழைச்சத்தை நிலைப்படுத்தும் ரைசோபியம் நுண்ணுயிர், ஒரு நைட்ரசன் மூலக்கூறைப் பிளக்க 16 ஏ.டி.பி. செலவிடுகிறது, அது மணிச்சத்தின் கணக்கு. அவ்வேலையைச் செய்யும் நொதியின் நடுவே இரும்பும் கந்தகமும் கோத்த கொத்துகள் உள்ளன. அது கந்தகத்தின் கணக்கு. இரண்டும் இருந்தால் கடலை தன் தழைச்சத்தைப் பெரும்பாலும் தானே தேடிக்கொள்ளும்.

மூட்டைக் கணக்கைப் பார்ப்போம். 50 கிலோ டி.ஏ.பி.யில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ, கந்தகம் இல்லை. 50 கிலோ சூப்பரில் மணிச்சத்து 8 கிலோ, கந்தகம் ஐந்தரை கிலோ, கூடவே சுண்ணாம்புச்சத்தும் உண்டு. மூன்று மூட்டை சூப்பரும் 20 கிலோ யூரியாவும் ஒரு மூட்டை டி.ஏ.பி.க்கு ஈடு, கந்தகம் பதினாறரை கிலோ மேல்மிச்சம். ஆனால் மூன்று மூட்டையைச் சுமக்க வேண்டும் என்பதே உழவர் சொல்லும் தடை. அது மெய்யான தடைதான், பாசன மக்காச்சோளத்தைப் பொறுத்தவரை. வீரிய மக்காச்சோளத்துக்கு எக்டருக்கு 75 கிலோ மணிச்சத்து வேண்டும். ஏக்கருக்கு நான்கு மூட்டை சூப்பர். அங்கே டி.ஏ.பி.யை நாடுவதைக் குறைசொல்ல மாட்டேன்.

மானாவாரிக் கடலைக்கு அந்தத் தடை பொருந்தவே பொருந்தாது. அதற்குப் பரிந்துரைத்த மணிச்சத்து எக்டருக்கு 10 கிலோ. ஏக்கருக்கு 4 கிலோ. அரை மூட்டை சூப்பரில் அது முடிந்துவிடுகிறது. ஒரு மூட்டை டி.ஏ.பி. இடுபவர் தேவையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் மணிச்சத்தை இரும்புக்கு அளித்து, கந்தகத்தில் ஒரு கிராம்கூட இடாமல் விடுகிறார். மானாவாரிச் சோளத்துக்கும் எக்டருக்கு 20 கிலோவே அளவு. ஏக்கருக்கு ஒரே ஒரு மூட்டை சூப்பர்.

அரசின் கணக்கில் கந்தகம் இப்போது விருந்தாளி அன்று. 2010 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள சத்து அடிப்படையிலான மானியத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகளோடு கந்தகத்துக்கும் பங்குண்டு. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டையின் பன்னிரண்டு அளவுகளில் அதுவும் ஒன்று. கேரளத்துப் பாக்டு நிறுவனத்தின் 20:20:0:13 மூட்டையில் நான்காவதாக நிற்கும் 13 கந்தகத்தையே குறிக்கிறது; மூன்று எண்களைப் படிப்பவர் பலர், நான்காவதைக் கேட்பவர் சிலர்.

வடமதுரை வட்டாரத்தில் அடுத்த பட்டத்துக்குக் கடலையோ எள்ளோ விதைக்க எண்ணியிருப்போர், உழவுக்கு முன்பே மண்ணை ஆய்வுக்குக் கொடுங்கள். மணிச்சத்தோடு கந்தக அளவையும் கேட்டு வாங்குங்கள். கிலோ மண்ணில் கந்தகம் 10 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் டி.ஏ.பி.யைக் கடையிலேயே விட்டுவிட்டுச் சூப்பரை எடுத்து வாருங்கள்; மானாவாரிக் கடலைக்கு ஏக்கருக்கு அரை மூட்டை போதும். கடலைக்கான ஜிப்சத்தையும் அன்றே சொல்லி வையுங்கள். விழுது இறங்கும் வாரத்தில் கடைக்கடையாகத் தேடினால் கிடைக்காது.